பாலின் விலையும் உழைப்பின் விலையும்: இலங்கையின் சிறு பாற்பண்ணை பற்றிய ஒரு பொருளியல் நோக்கு

இலங்கையின் பாற்பண்ணைத் தொழில் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு கூற்றுகளை அடுத்தடுத்து வைப்பர். இந்நாட்டுச் சிறு விவசாயிக்கு மாடு வளர்ப்பதனால் இலாபம் இல்லை என்பது ஒன்று. உள்நாட்டிற் கறக்கப்படும் பாலின் மிகப் பெரும் பகுதி, சில மாடுகளை மாத்திரம் வைத்திருக்கும் அச்சிறு விவசாயிகளிடமிருந்தே வருகின்றது என்பது மற்றது. இரண்டும் உண்மையே. ஆயினும் இவற்றை ஒருசேர நோக்குமிடத்து ஒரு வினா எழுகின்றது. இலாபம் தராத ஒரு தொழிலை இலட்சக்கணக்கான குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஏன் கைவிடாது வைத்திருக்கின்றன?

இதற்கு அரச அலுவலகங்களில் வழமையாகக் கிடைக்கும் விடை விவசாயியின் அறியாமை என்பதாகும். அவனுக்குக் கணக்குத் தெரியாது, நவீன முறைகள் தெரியாது, உயர் இன மாடு இல்லை என்பர். இவ்விடை இந்த நாட்டின் பாற்பண்ணைக் கொள்கையை நீண்ட காலம் வழிநடத்தி வந்துள்ளது. அதன் விளைவுகளைப் பின்னர் காண்போம். எம்மைப் பொறுத்தவரை, விவசாயியின் கணக்கு வேறு, அவனைப் பற்றிப் பிறர் போடும் கணக்கு வேறு. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை விளங்கிக்கொண்டாற்றான் இந்நாட்டில் ஒரு லீற்றர் பாலின் விலையை உண்மையில் யார் செலுத்துகின்றனர் என்பது புலனாகும்.

ஒரு மாட்டின் கணக்கு

விளக்கத்தின் பொருட்டு ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். இது கள ஆய்வொன்றின் சராசரி அன்று. கணக்கின் அமைப்பை விளக்குவதற்காக நாம் வைத்துக்கொள்ளும் ஓர் உதாரணம் மாத்திரமே. ஒரு கலப்பினப் பசு கன்று ஈன்றபின் 300 நாட்கள் பால் தருகின்றது என்றும், நாளொன்றுக்குச் சராசரியாக 6 லீற்றர் தருகின்றது என்றும் கொள்வோம். மொத்தம் 1,800 லீற்றர். "ஆறு லீற்றர் மாடு" என்று ஊரில் இதனைச் சொல்வர். ஆனால் மாடு 300 நாட்கள் மாத்திரம் தின்பதில்லை. ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடையிலுள்ள காலம் முழுவதும் அதற்குத் தீனி வேண்டும். அவ்விடைவெளி 15 மாதமாயின், அதாவது 450 நாட்களாயின், அந்த ஆறு லீற்றர் நாளொன்றுக்கு 4 லீற்றராகிவிடும். இடைவெளி 18 மாதமாக நீளுமாயின் 3.3 லீற்றராகும். வருடத்துக்கு ஒரு கன்று என்ற பாடநூல் இலட்சியம் நிறைவேறினாற்கூட 5 லீற்றரை எட்டாது.

ஆகவே பாற்பண்ணையின் பொருளாதாரத்தில் மடியின் கொள்ளளவைக் காட்டிலும் காலமே முதன்மையானது. பசு வேட்கைக்கு வரும் சுற்று ஏறத்தாழ 21 நாட்கள்; வேட்கை நீடிப்பதோ ஒரு நாளுக்கும் குறைவான நேரம். அந்த நேரத்தை வீட்டார் கவனிக்க வேண்டும். கவனித்தபின் செயற்கைமுறைச் சினைப்படுத்தல் செய்பவர் உரிய வேளையில் வந்து சேரவேண்டும். அன்று ஞாயிற்றுக்கிழமையாயின், அல்லது அவருடைய மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் இல்லையாயின், அந்த வீட்டுக்கு மூன்று வாரத் தீனி வீணாகின்றது. 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டிருந்த மாதங்களில் இது உவமையாக இராது நடைமுறையாகவே இருந்தது. எந்த வரவுசெலவுப் பட்டியலிலும் தனியே தோன்றாத செலவு இது.

இனி உழைப்புக்கு வருவோம். ஒரு மாட்டுக்குப் புல் அறுத்துச் சுமந்து வருதல், கொட்டில் கழுவுதல், தண்ணீர் வைத்தல், கறத்தல், பாலைச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டு செல்லல் ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலம் என்று வைத்துக்கொள்வோம். 2021 மார்ச்சில் பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. இந்நாட்டின் மிகத் தாழ்ந்த சம்பளங்களுள் அதுவும் ஒன்று. எட்டு மணித்தியாலத்துக்கு 1,000 ரூபா எனின் மூன்று மணித்தியாலத்துக்கு 375 ரூபா. இதனை 4 லீற்றரால் வகுத்தால் லீற்றருக்கு ஏறத்தாழ 94 ரூபா வரும். அவ்வாண்டிற் சேகரிப்பு நிலையத்தில் விவசாயிக்குக் கிடைத்த விலை லீற்றருக்கு நூறு ரூபாவை எட்டவில்லை. பிண்ணாக்கு, தவிடு, தாதுப்பு, மருந்து, கொட்டிலின் தேய்மானம், மாடு வாங்கிய கடனின் வட்டி ஆகிய எவற்றையும் இன்னும் நாம் கணக்கிற் சேர்க்கவில்லை.

கணக்காளரின் தீர்ப்பு தெளிவானது: இந்த மாட்டை விற்றுவிட வேண்டும். ஆனால் மாடு விற்கப்படுவதில்லை. ஏனெனில் அந்த வீட்டில் அந்த மூன்று மணித்தியாலத்துக்கும் எவரும் சம்பளம் பெறுவதில்லை. பிண்ணாக்குக்கும் மருந்துக்கும் கையிலிருந்து போன காசைக் கழித்தால் மாத முடிவில் ஏதோ ஒரு தொகை மிஞ்சுகின்றது. அதுவே வீட்டாரின் கணக்கு. ரஷ்ய வேளாண் பொருளியலாளர் சயானோவ் 1920களில் எடுத்துக்காட்டிய குடியானவக் குடும்பத்தின் பொருளாதாரத் தர்க்கம் இதுவே: கூலி என்ற இனம் இல்லாதவிடத்து இலாபம் என்ற இனமும் இல்லை, குடும்பத்தின் தேவையும் உழைப்பின் களைப்புமே ஒன்றையொன்று எடைபோடும். அவருக்கு முன்னர், 1899இல் வெளிவந்த தமது வேளாண்மைப் பிரச்சினை பற்றிய நூலில் கார்ல் காவுட்ஸ்கி இதன் மறுபக்கத்தைக் கூறியிருந்தார். சிறு பண்ணை பெரும் பண்ணைக்கு எதிராக நின்றுபிடிப்பது அதன் திறமையால் அன்று. மிகை உழைப்பாலும் குறை நுகர்வாலுமே என்பது அவர் கருத்து. இவ்விருவரில் ஒருவரை ஏற்றால் மற்றவரை மறுக்கவேண்டும் என்று வாதிடுவது எமது மார்க்சிய வட்டங்களில் ஒரு காலத்தில் வழக்கமாயிருந்தது. மாட்டுக் கொட்டிலில் நின்று பார்ப்பவருக்கு இருவரும் ஒரே காட்சியை இரு பக்கத்திலிருந்து விவரித்தனர் என்றே தோன்றும்.

அந்த மூன்று மணித்தியாலம் பெரும்பாலும் பெண்ணுடையது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறித்துத் திரும்பும் பெண் மாலையிற் புல்லுக்கட்டுடனேயே லயத்துக்கு வருகின்றாள். அந்தப் புல் தோட்டத்தின் ஓடைக்கரையிலும் வீதியோரத்திலும் கைவிடப்பட்ட தேயிலை மலையிலும் அறுக்கப்பட்டது, நிலம் அவளுடையதன்று. தோட்டங்கள் 1970களில் தேசியமயமாக்கப்பட்டபோதும், 1992இல் அவற்றின் முகாமைத்துவம் கம்பனிகளுக்கு மாற்றப்பட்டபோதும் அந்தப் புல்லுக்கு எவ்வித உரித்தும் அவளுக்கு எழுதப்படவில்லை. அதிகாரி கண்டும் காணாதிருப்பதனால் நடப்பது அது. ஆயின் பாற்பணம் வங்கிக் கணக்குக்கு வரும்போது அந்தக் கணக்கு எவருடைய பெயரில் உள்ளது என்று கேட்டால் பல வீடுகளில் விடை வேறாயிருக்கும்.

பால் அல்லாத வருவாய்

மாட்டைப் பாலுக்காக மாத்திரம் வளர்ப்பதாகக் கொள்வதும் பிழையான கணக்கே. இதற்கு யாழ்ப்பாணக் குடாநாடு தெளிவான சான்று. கால்நடை உற்பத்தி பற்றிப் பேசுவோர் மலைநாடு, இடைநாடு, தெங்கு முக்கோணம், உலர் வலயம் முதலிய பிரிவுகளோடு குடாநாட்டைத் தனியொரு பிரிவாகவே வகுப்பர். அதற்குக் காரணம் உண்டு. அங்கே சுண்ணாம்புக் கல்லின் மேற் படிந்த சேதனப்பொருள் குறைந்த மண்ணில், கிணற்று நீரை இறைத்துப் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைவிக்கும் செறிந்த தோட்டப் பயிர்ச்செய்கை எருவின்றி நடவாது. தோட்டத்திலே மாடுகளையும் ஆடுகளையும் இரவில் பட்டி அடைத்து, சாணமும் சலமும் நேரே மண்ணிற் சேரும்படி செய்வதும், பட்டிக்காரருக்கு அதற்கென விலை கொடுப்பதும் அங்கு நெடுங்கால வழக்கம். பாலுக்குக் காசு வராத நாளிலும் எருவுக்குப் பெறுமதி இருந்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவம்பரில் அத்தடை தளர்த்தப்படும் வரையிலான மாதங்களில், இந்நாட்டின் மாடுகள் அனைத்தும் சேர்ந்தும் போதிய எருவைத் தரமாட்டா என்பதை அரசு கற்றுக்கொண்டது. எருவின் பெறுமதியைப் பாற்பண்ணைக் கணக்கில் அதுவரை சேர்க்காதிருந்த ஒரு நாடு, ஒரே போகத்தில் முழு விவசாயத்தையும் எருவின் மேல் நிறுத்த முனைந்தது.

மாடு சேமிப்பாகவும் தொழிற்படுகின்றது. வங்கி தூரம், நகையோ அடகில் என்ற நிலையிலுள்ள வீட்டுக்கு ஒரு கிடாரிக் கன்று என்பது இரண்டு மூன்று ஆண்டுகளில் முதிரும் வைப்புப் பணம். மகளின் திருமணத்துக்கோ வைத்தியச் செலவுக்கோ அது விற்கப்படும். ஆனால் இந்தச் சேமிப்பு ஒரு நோயில் அழிந்துபோகக் கூடியது. ஒரு யுத்தத்திலும் அழியக் கூடியது. 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது கட்டையவிழ்த்து விட்டுச் சென்ற மாடுகளைத் திரும்பி வந்து கண்டவர் சிலரே.

இன்னொன்று உண்டு, இதனைப் பேசுவதற்கு நம்மவர் கூச்சப்படுவர். பால் வற்றிய முதிய பசுவும் காளைக் கன்றும் எங்கே செல்கின்றன? அவை விற்கப்படும் விலை பாற்பண்ணைக் கணக்கின் ஒரு பகுதி. 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்வதற்கு அமைச்சரவை கொள்கையளவில் இணங்கியபோது அது சமயப் பிரச்சினையாகவே விவாதிக்கப்பட்டது. பால் தராத மாட்டுக்கு எஞ்சிய காலம் முழுவதும் யார் தீனி போடுவது என்ற வினாவைக் கேட்டவர் குறைவு. அதற்கு விடை தெரியாமல் அத்தடை நடைமுறைக்கு வருமாயின் அதன் செலவும் அதே கொட்டிலின் தலையிலேயே விழும்.

பால்மா என்னும் அளவுகோல்

இதுவரை வீட்டின் உள்ளே நின்று நோக்கினோம். வீட்டுக்குக் கிடைக்கும் விலை எங்கே தீர்மானிக்கப்படுகின்றது என்பதைக் காண வெளியே வரவேண்டும். இலங்கையர் பெரும்பாலும் பாலைப் பால்மாவாகவே நுகர்கின்றனர். குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை, பல மாதங்கள் கெடாது, தேநீருக்கு ஒரு கரண்டி போதும். குடியேற்ற ஆட்சிக் காலத்தில் டின்பால் தொடங்கிவைத்த இப்பழக்கத்தை 1977இன் பின்னான திறந்த பொருளாதாரம் பால்மாவைக் கொண்டு நிலைபெறச் செய்தது. ஐரோப்பிய பொருளாதாரச் சமூகம் தன் விவசாயிகளுக்கு மானியம் வழங்கிப் பெருக்கிய மிகைப்பால் உலகச் சந்தையில் மலிவாகக் கொட்டப்பட்ட காலமும் அதுவே. பின்னர் நியூசிலாந்து இச்சந்தையின் பெரும்பங்கைப் பெற்றது. 1950களிலிருந்து தேசிய பாற்சபை கட்டியெழுப்ப முயன்ற உள்நாட்டுச் சேகரிப்பு முறையும், பிற்காலத்தில் அதன் இடத்துக்கு வந்த மில்கோவும் இந்த அலைக்கு எதிராக நீந்தவே நேர்ந்தது.

ஒரு கிலோகிராம் முழுக்கொழுப்புப் பால்மாவுக்கு ஏறத்தாழ 8 லீற்றர் பால் தேவை. இந்த எளிய விகிதம் கையில் இருந்தால் பால்மாவின் எந்த விலையையும் விவசாயியின் மொழிக்கு மாற்றிவிடலாம். 2015 ஆகத்துத் தொடக்கத்தில் உலகச் சந்தையில் இதன் விலை தொன்னுக்கு 1,600 டொலருக்குச் சற்றுக் கீழே இறங்கியது. டொலரின் பெறுமதி அப்போது 134 ரூபா அளவில் இருந்தது. ஆகவே கிலோ 214 ரூபா. லீற்றருக்கு 27 ரூபா. கப்பற்கூலியும் வரியும் சேராத இந்த விலையில் உலகின் எந்த மூலையிலும் சிறு விவசாயி ஒருவன் பால் கறக்க முடியாது. நியூசிலாந்து விவசாயிகளே அவ்வாண்டு கடனில் மூழ்கினர்.

அதே 2015இன் சனவரி மாத இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தை இவ்விடத்து நினைவுகூர்தல் பொருத்தம். அது ஒருபுறம் விவசாயியின் பாலுக்கு லீற்றருக்கு 70 ரூபா என்று அறிவித்தது. மறுபுறம் 400 கிராம் பால்மாப் பொதியின் விலையை 61 ரூபாவால் குறைத்து 325 ரூபாவாக்கியது. பிந்திய விலையை எமது விகிதப்படி மாற்றினால் கடையில் நுகர்வோர் கொடுப்பது லீற்றருக்கு ஏறத்தாழ 102 ரூபா. உள்நாட்டுப் பாலைச் சேகரித்து, குளிரூட்டி, பதனிட்டு, பொதிசெய்து, கடைக்காரருக்கும் இலாபம் கொடுத்து விற்பதற்கு மிஞ்சியது 32 ரூபா. இறக்குமதியாளருக்கோ, உலக விலை வீழ்ந்திருந்த அந்த ஆண்டிலே, இடைவெளி மிகப் பெரிது. ஒரே ஆவணத்தில் விவசாயிக்கு ஒரு கையாற் கொடுத்து மறுகையால் அவனுடைய சந்தையைச் சுருக்கிய இச்செயலை எந்தக் கட்சியும் அன்று முரண்பாடாகக் கண்டதாகத் தெரியவில்லை.

ஏன் காணவில்லை என்பதும் விளங்கிக்கொள்ளத் தக்கதே. பால்மாவின் விலை கொழும்பின் தோட்டவீட்டிலும் சுதந்திர வர்த்தக வலயத்தின் விடுதியறையிலும் வாழும் தொழிலாளியின் குழந்தைக்குரிய பாலின் விலை. அதை உயர்த்துமாறு கேட்பது இலகுவன்று. புல் அறுக்கும் பெண்ணும் பால்மா வாங்கும் பெண்ணும் இருவருமே உழைக்கும் வர்க்கத்தினர். ஒருத்தியின் வருமானம் மற்றவளின் செலவு. முற்போக்கு எண்ணம் கொண்டோர் இம்முரண்பாட்டைக் கண்டும் காணாமல், மலிவான உணவையும் நியாயமான கொள்விலையையும் ஒரே மூச்சிற் கோருவதைப் பழக்கமாக்கிக்கொண்டுள்ளனர். இரண்டையும் தரலாம், ஆனால் இடையிலுள்ள தொகையை அரசோ வணிகரோ செலுத்த வேண்டும். எவரும் செலுத்தாதவிடத்து அதைச் செலுத்துவது ஊதியமற்ற அந்த மூன்று மணித்தியாலமே.

நாணயத்தின் வீழ்ச்சி இந்த ஏற்பாட்டை ஒரு தடவை தலைகீழாக்கியது. 2021 ஒக்டோபரில் கட்டுப்பாட்டு விலை நீக்கப்பட்டபோது ஒரு கிலோ பால்மா 945 ரூபாவிலிருந்து 1,195 ரூபாவாயிற்று. 2022 மார்ச்சில் 1,945 ரூபாவாயிற்று. லீற்றர்க் கணக்கில் 118 ரூபா 243 ரூபாவாக மாறியது. ஐந்தே மாதங்களில் உள்நாட்டுப் பாலுக்கு, எந்த வரியும் தந்திராத பாதுகாப்பை ரூபாவின் வீழ்ச்சி தந்தது. சிறு விவசாயி அதனாற் செழித்தானா? கொள்விலை உயர்ந்தது உண்மை. ஆனால் அதே வீழ்ச்சி தீவனத்தையும் தொட்டது. கலவைத் தீவனத்துக்குச் சோளம் வேண்டும். உரமின்றிச் சோளம் விளையவில்லை, டொலரின்றி வெளியிலிருந்து வரவில்லை. பிண்ணாக்கும் மருந்தும் விலையேறின. மாட்டுக்குப் போடும் தீவனத்தைக் குறைத்தனர், பால் குறைந்தது, சினைப்பிடிப்பதும் தாமதமாயிற்று. முன்னர் நாம் கண்ட 15 மாதம் 18 மாதமாக நீள்வது இவ்வாறே. உயர்ந்த விலையைப் பெறுவதற்கு மேலதிகப் பால் வேண்டும். மேலதிகப் பாலுக்கு முன்கூட்டியே முதல் வேண்டும். முதல் இல்லாதவனுக்கு விலையேற்றம் செய்தியாகவே நின்றது.

பால்மாவைக் கொண்டே பாற்பண்ணையை வளர்த்த நாடு ஒன்றும் உண்டு என்பது இங்கு ஒப்புநோக்கத் தக்கது. குசராத்தின் கைரா மாவட்டத்தில் தனியார் நிறுவனம் ஒன்றுக்குக் கிடைத்த கொள்வனவு ஏகபோகத்துக்கு எதிராக விவசாயிகள் 1946இல் ஒன்றிணைந்து அமைத்த கூட்டுறவு ஒன்றியமே பின்னர் அமுல் என்ற பெயரால் அறியப்பட்டது. திரிபுவன்தாஸ் பட்டேல் அதன் தலைவர். 1949இல் ஆனந்துக்கு வந்த வர்கீஸ் குரியன் அதன் முகாமையாளரானார். 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்தின் முதற் கட்டத்துக்கு உலக உணவுத் திட்டத்தின் வழியாக 1,26,000 தொன் கொழுப்பு நீக்கிய பால்மாவும் 42,000 தொன் வெண்ணெய் எண்ணெயும் நன்கொடையாகக் கிடைத்தன. ஐரோப்பாவின் அதே மிகைப்பால். இலங்கையில் அது நுகர்வுப் பொருளாய்க் கடைக்கு வந்தது. இந்தியாவில் அது மீளத் திரவமாக்கப்பட்டு, கூட்டுறவுப் பாலின் விலையை வீழ்த்தாத விலையில் நகரங்களில் விற்கப்பட்டு, அவ்வருவாய் குளிரூட்டும் நிலையங்களாகவும் பதனிடும் ஆலைகளாகவும் கட்டப்பட்டது. வித்தியாசம் பால்மாவில் இல்லை. அதன் விற்பனைப் பணம் யார் கையிற் சேர்ந்தது என்பதிலேயே உள்ளது.

ஆனந்தை இலட்சியப்படுத்த வேண்டியதில்லை. நன்கொடையில் தங்கியிருத்தல், நிலமற்றோருக்குக் கிடைத்த சிறு பங்கு, பெண்கள் உழைக்க ஆண்கள் அங்கத்தவராதல் ஆகிய குறைகளை 1980களில் இந்திய ஆய்வாளர்களே கடுமையாக விமர்சித்தனர். ஆயினும் ஒரு சிறு நடைமுறை எமது கவனத்துக்குரியது. ஆனந்த் முறையில் கிராமச் சங்கம் காலையும் மாலையும் பாலை ஏற்கின்றது. இலங்கையின் பல பகுதிகளில் சேகரிப்பு வண்டி காலையில் மாத்திரமே வரும். மாலைப் பாலைக் கறந்தால் காலை வரை வைத்திருக்கக் குளிரூட்டி இல்லை, ஆகவே கறப்பதில்லை. ஒருவேளை மாத்திரம் கறக்கப்படும் மாட்டின் மடி அந்த அளவுக்கே சுரக்கும். இதனைக் கண்டு மாட்டின் இனம் தாழ்ந்தது என்று அறிக்கை எழுதுவோர் உளர். அவர்கள் மாட்டைப் பார்ப்பதற்கு முன் வண்டியின் நேர அட்டவணையைப் பார்த்திருக்கலாம்.

இனத்தின் மீதான இந்த நம்பிக்கையே அவுஸ்திரேலிய மாடுகளின் கதை. 2012இல் இருந்து வெளிநாட்டுக் கறவைப் பசுக்கள் அரச பண்ணைகளுக்குக் கொண்டுவரப்பட்டன. 2014இல் இருபதாயிரம் பசுக்களை இறக்குமதி செய்ய அவுஸ்திரேலியக் கம்பனி ஒன்றுடன் உடன்படிக்கை செய்யப்பட்டு, 2017இல் முதல் ஐயாயிரம் வந்து சேர்ந்தன. கடன் பெற்று அவற்றை வாங்கிய பண்ணையாளர் பலர் எதிர்பார்த்த பாலைக் காணவில்லை. பல மாடுகள் நோயுற்றன, இறந்தன. எஞ்சிய மாடுகள் வரவில்லை. இருபது லீற்றர் கறக்கும் பசுவின் உடல் ஓர் அடுப்பைப் போன்று வெப்பத்தை வெளிவிடுவது. உலர் வலய வெயிலில் அது தின்பதைக் குறைக்கின்றது. தின்பது குறைந்தாற் பால் மாத்திரமன்றிச் சினைப்பிடிப்பும் நின்றுபோகும். அதற்கு வேண்டிய செறிதீவனம் விலைகொடுத்தே வாங்கப்பட வேண்டியது. லயத்துப் பெண்ணின் மாடு கணக்கிற் சேராத புல்லிலும் கணக்கிற் சேராத உழைப்பிலும் உயிர்வாழ்ந்தது. இந்த மாட்டுக்கு யாவும் காசு. அந்தக் காசை ஈடுசெய்யும் விலை சந்தையில் இல்லை என்ற அடிப்படை உண்மையை எந்த இனமும் மாற்றிவிடாது.

மேய்ச்சல் நிலம்

கட்டிவைத்து வளர்க்கும் மாட்டையே இதுவரை பேசினோம். கிழக்கிலும் வன்னியிலும் பெரும்பகுதி மாடுகள் இவ்வகையின அல்ல. மட்டக்களப்பின் பட்டி மாடு சுதேச இனத்தது. ஒரு லீற்றர், மிஞ்சினால் இரண்டு லீற்றர் தரும். செறிதீவனம் தெரியாது, கொட்டிலும் தெரியாது. பாடநூலின்படி இது எல்லாவற்றிலும் பயனற்ற மாடு. ஆனால் காசுச் செலவு ஏறத்தாழ இல்லை என்பதனால் ஒரு லீற்றர் தருகின்ற இம்மாட்டின் பால், கலப்பினப் பசுவின் பாலைக் காட்டிலும் மலிவாக உற்பத்தியாகின்றது. தயிருக்கு வேண்டிய எருமைகளும் இவ்வாறே மேய்கின்றன.

இச்செலவின்மைக்கு அடிப்படை பொது மேய்ச்சல் நிலம். அது நெல்லோடு இணைந்த ஒரு காலச் சுழற்சியில் இயங்குகின்றது. அறுவடையின் பின் மாடுகள் வயலுக்கு வந்து அரிதாளைத் தின்று எருவிட்டுச் செல்லும். பெரும்போகத்தில் வயலில் நெல் நிற்கையில் அவை வயலைவிட்டு அகலவேண்டும். காடு சார்ந்த மேட்டுப் புல்வெளிக்குப் பட்டிகள் சாய்க்கப்படும். மட்டக்களப்பு மாவட்டத்தின் மேற்கெல்லையில் உள்ள மயிலத்தமடு, மாதவனைப் பகுதிகள் அத்தகைய புல்வெளிகள். அவை மகாவலி அதிகாரசபையின் ஆளுகைக்குட்பட்ட நிலங்கள். 2020இன் பின் பிற மாவட்டங்களிலிருந்து வந்தோர் அங்கு பயிர்ச்செய்கைக்காக நிலம் பிடித்ததும், மாடுகள் கொல்லப்படுவதாகப் பண்ணையாளர் தொடர்ந்து முறையிட்டதும், 2023 செப்டெம்பரில் அவர்கள் சித்தாண்டியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்ததும் செய்தித்தாள்களில் இனப்பிரச்சினையின் ஓர் அத்தியாயமாகவே எழுதப்பட்டன. அது அவ்வாறானதே. ஆயின் அதனுள்ளே ஒரு செலவுக் கணக்கும் உள்ளது. அதை எவரும் எழுதவில்லை.

ஒரு சுதேசப் பசு நாளொன்றுக்கு 15 தொடக்கம் 20 கிலோ பசும்புல் தின்னும். நூறு மாடுகள் கொண்ட பட்டிக்கு நாளுக்கு இரண்டு தொன் வரை வேண்டும். பெரும்போக மாதங்களில் இதனை மாடே சென்று தின்ற நிலை மாறி, மனிதர் அறுத்துக் கொண்டுவந்து போடும் நிலை ஏற்படுமாயின், நாளுக்கு ஒரு லீற்றர் தரும் மாட்டின் பால் அந்த அறுப்புக் கூலியின் சிறு பகுதியையேனும் ஈடுசெய்யாது. மாட்டை மாற்றிக் கலப்பினத்தைக் கட்டு என்பர். அதற்கு வேண்டிய முதலை இழந்த மாட்டின் விலையிலிருந்தே எடுக்கவேண்டும். மேய்ச்சலற்ற பட்டிகள் யாவும் ஒரே காலத்திற் சந்தைக்கு வருகையில் அந்த விலையும் வீழ்ந்துவிடும். வாங்குபவர் பெரும்பாலும் இறைச்சிக்கு வாங்குபவர்.

மேய்ச்சல் தரையை எல்லையிட்டு வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும் என்பதே பண்ணையாளரின் கோரிக்கை. பாலில் தன்னிறைவு பற்றி அடுத்தடுத்து வந்த அரசாங்கங்கள் வெளியிட்ட திட்டங்களில் பசு இறக்குமதிக்கும் ஆலை விரிவாக்கத்துக்கும் தொகைகள் குறிக்கப்பட்டன. ஏற்கெனவே பால் தந்துகொண்டிருக்கும் ஒரு புல்வெளியை அளந்து வரைபடத்திற் குறிப்பதற்கு அவற்றோடு ஒப்பிடுகையில் மிகச் சொற்பமான செலவே ஆகும்.